உடல் பருமன்: பழக்கமா, நாள்பட்ட நோயா? காஞ்சிபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உடலில் அளவுக்கு மீறிக் கொழுப்பு சேர்வது ஒருவரின் நடத்தையால் விளைவதா, அல்லது அவருக்கு வந்த நோயா என்ற கேள்விக்கு மருத்துவம் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் உடல் பருமனைச் சேர்த்தது. 1997இல் ஜெனீவாவில் கூடிய அதன் நிபுணர் குழு அதை நாள்பட்ட நோய் என்றது. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அதையே தீர்மானமாக நிறைவேற்றியது. ஆனால் அச்சங்கத்தின் அறிவியல் குழு அப்படி அறிவிக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்திருந்தது. 2025 ஜனவரியில் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், பருமன் சிலரிடம் நோய், சிலரிடம் நோய்க்கு முந்தைய நிலை என்று பிரித்துச் சொன்னது. கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் மாநிலத்தின் பெண்களில் 30.9 சதவீதமும் ஆண்களில் 28.2 சதவீதமும் கூடுதல் எடையோ பருமனோ உடையவர்கள். 2019-21இல் அது பெண்களில் 40.4, ஆண்களில் 37.0 சதவீதமாக ஏறியது. அதே காலத்தில் இந்தியச் சராசரி 24.0, 22.9 மட்டுமே. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ பத்துப் புள்ளி ஏற்றத்தைத் தனிமனிதச் சோம்பலால் விளக்க முடியாது. அவ்வளவு பேர் ஒரே சமயத்தில் ஒழுக்கம் இழந்துவிடுவதில்லை.

காஞ்சிபுரம் இந்த ஆய்வுக்கு ஏற்ற இடமாக அமைவதற்குக் காரணம் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சென்னை மாநகரையும் காஞ்சிபுரம் நகரையும் பண்ருட்டியைச் சுற்றிய கிராமங்களையும் ஒப்பிட்டது. இருபது வயதைக் கடந்தவர்களில், பருமனோடு நெருங்கிய தொடர்புடைய சர்க்கரை நோய் சென்னையில் 18.6, காஞ்சிபுரத்தில் 16.4, கிராமங்களில் 9.2 சதவீதம். கோயிலும் தறியும் கொண்ட நடுத்தர நகரம் ஒன்று, இந்த விஷயத்தில் கிராமத்தைவிட மாநகருக்கே நெருங்கி நின்றது. நகரமயம் என்றால் அடுக்குமாடியும் அலுவலகமும் என்ற எண்ணத்தை அந்த எண்கள் கலைத்தன.

குறையாகக் கண்ட பார்வை

மிகப் பழைய விடை, பருமன் மிகை உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது என்பது. சரக சம்ஹிதை இகழப்படும் எட்டுவகை உடல்களில் மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் வைத்து, பருத்ததைக் குணப்படுத்துவது கடினம் என்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதை வலியுறுத்துகிறது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி, எடைக்கு உணவு வழியே மருந்து உண்டு என்ற நம்பிக்கையைத் தலைமுறைகளுக்குக் கடத்தியது. கொள்ளு நல்ல பயறுதான். அது மட்டுமே எடையைக் குறைக்கும் என்பதைப் பெரிய சோதனைகள் எதுவும் நிறுவவில்லை.

இதன் மறுபக்கமும் தமிழ்ச் சமூகத்தில் இருந்தது. பஞ்சமும் பட்டினியும் பழகிய காலத்தில் தொந்தி செழிப்பின் அடையாளம். பூசினாற்போன்ற உடல் மணப்பெண்ணுக்கு அழகு. பின்னர் திரைப்பட நகைச்சுவை பருத்த உடலைக் கேலிப்பொருளாக்கியது. பாராட்டு, கேலி இரண்டிலும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு: உடலின் அளவு அதை உடையவரின் கையில் இருக்கிறது என்பது. இந்தப் பார்வையின் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. நடத்தை ஒரு காரணம் என்பதிலிருந்து, நடத்தையைத் திருத்தச் சொன்னால் போதும் என்ற முடிவுக்கு அது தாவிவிடுகிறது. மருத்துவரிடம் மூட்டுவலிக்குப் போனவர் வலிக்கு மருந்தில்லாமல் அறிவுரையோடு திரும்புவது இந்தத் தாவலின் விளைவு. அப்படித் திரும்பியவர்களில் பலர் அடுத்த முறை மருத்துவமனைக்கே போகாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

கலோரிக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுக்கத்தின் இடத்துக்குக் கணக்கு வந்தது. 1863இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங், மாவுப்பண்டத்தையும் சர்க்கரையையும் விட்டு இளைத்த தன் அனுபவத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். அது உலகின் முதல் பரபரப்பான உணவுமுறை நூல்களில் ஒன்று. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே 1830களில் மக்கள்தொகைக் கணிப்புக்காக வகுத்த எடை-உயர விகிதத்துக்கு, 1972இல் அன்செல் கீஸ் உடல் நிறைக் குறியெண் என்று பெயரிட்டார். உள்ளே போகும் ஆற்றலுக்கும் செலவாகும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடே எடை என்ற சமன்பாடு அறிவுரையின் அடித்தளமானது.

சமன்பாடு பொய்யல்ல. ஆனால் அதன் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டதுதான் பிழை. உணவைக் குறைத்தால் உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது, பசியையும் கூட்டுகிறது. அமெரிக்காவின் ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் குழு ஆறாண்டுக்குப் பின் அளந்து 2016இல் வெளியிட்டது. சராசரியாக இழந்த 58 கிலோவில் 41 கிலோ திரும்பிவிட்டது. அவர்களின் ஓய்வுநேர ஆற்றல் செலவு, எதிர்பார்க்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே நீடித்தது. மனவுறுதியில் அவர்களுக்குக் குறையிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

எடையைக் காக்கும் உடல்

1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனை உருவாக்கும் மரபணுவைக் கண்டறிந்தபோது பார்வை உயிரியல் பக்கம் திரும்பியது. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல, மூளைக்குச் செய்தி அனுப்பும் உறுப்பு என்பது தெளிவானது. 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களிடம் பசியை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன்கள் ஓராண்டுக்குப் பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டினர். இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கைக் கணிசமானது என்கின்றன.

நாள்பட்ட நோய் என்ற வாதத்துக்கு வலுவான ஆதாரம் இங்கேதான் கிடைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதுபோல, பருமனிலும் சிகிச்சை நின்றால் உடல் பழைய எடையை நோக்கி நகர்கிறது. ஆனால் உயிரியல் விடைக்கும் ஓர் எல்லை உண்டு. தமிழ்நாட்டு மக்களின் மரபணு ஐந்தாண்டில் மாறிவிடவில்லை. யார் பருப்பார் என்பதை மரபு ஓரளவு சொல்லலாம். இத்தனை பேர் இந்தக் காலத்தில் ஏன் பருத்தனர் என்பதை அது சொல்வதில்லை.

தட்டும் தறியும்

அதற்கு விடை தேடுபவர்கள் சூழலைக் காட்டுகிறார்கள். காஞ்சிபுரத்தில் இந்த வாதம் வலுவாக நிற்கிறது.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. குழித்தறியில் உட்காருபவர் கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார், கையால் நாடாவை ஓட்டுகிறார். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்க வேண்டும். அதற்கு இன்னொருவர் துணை. முதுகும் முழங்காலும் தோளும் வருந்தும் உழைப்பு இது. ஆனால் நடையில்லாத உழைப்பு. காலையில் தெருவில் பாவு (நீளவாட்டு நூல்) நீட்டும்போது நடப்பதைத் தவிர்த்தால், நாள் முழுவதும் ஓரிடத்தில்தான் உடல். நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றும் பெண்களின் நிலையும் அதுவே. உழைப்பாளி பருமனாக முடியாது என்ற பொதுக்கருத்து இந்தத் தொழிலைக் கவனித்ததில்லை. களைப்பு வேறு, ஆற்றல் செலவு வேறு; தறி முதலாவதை நிறையத் தருகிறது, இரண்டாவதை அந்த அளவுக்குத் தருவதில்லை.

அடுத்த தலைமுறையில் பலர் தறியை விட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதியின் வேலை நேரமே மாறிவிட்டது. கம்பெனி பஸ் தெருமுனையில் ஏற்றி ஆலைவாசலில் இறக்குகிறது. ஷிப்டு முறையில் தூக்கமும் உணவும் நாளுக்கொரு நேரத்தில். இரவுப்பணிக்கும் எடை ஏற்றத்துக்கும் தொடர்பிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அது நேரடிக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

உணவுப் பக்கத்தில் முதல் குற்றவாளியாகச் சிலர் கோயில் பிரசாதத்தைக் காட்டுவதுண்டு. வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லி, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து வேகவைப்பது. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் வகையும் உண்டு. இவற்றைக் குறை சொல்வது எளிது, பயனற்றது. கையளவு பிரசாதம் எப்போதோ கிடைப்பது. கணக்கைத் தீர்மானிப்பது வீட்டில் மூன்று வேளையும் தட்டில் விழும் தீட்டிய அரிசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகவும், அதில் பெரும்பகுதி தீட்டிய தானியமும் சர்க்கரையும் என்றும் 2025இல் தெரிவித்தது. காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்பது அரிசியின் மூன்று வடிவம். பருப்பும் காயும் கீரையும் பக்கத்தில் ஒதுங்குகின்றன.

ரேஷன் அரிசியை இதில் எங்கே வைப்பது என்பது விவாதத்துக்குரியது. 2011 ஜூன் முதல் இலவசமாகக் கிடைக்கும் அரிசியும், 2007 முதல் மானிய விலையில் கிடைக்கும் பாமாயிலும் பருப்பும் பட்டினியை விரட்டின. அவற்றையே பருமனுக்குக் காரணமாக்குவோர், 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கால்வாசிப் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதையும், பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் பருத்த தாயும் சத்துக்குறைந்த குழந்தையும் இருப்பது அரிதல்ல. அரிசியைக் குறைப்பது தீர்வாகாது. ரேஷன் கடையில் பருப்பையும் சிறுதானியத்தையும் கூட்டுவது ஒரு திசையாக இருக்கலாம். அதன் பலன் இடுப்பளவில் தெரியுமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

சூழல் வாதத்தின் பலவீனம் எளிதில் தெரிவது: ஒரே தெரு, ஒரே அரிசி, ஒரே தறி, எல்லோரும் பருப்பதில்லை. சூழலோடு மரபையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகிறது.

மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு

இந்தியர்களைப் பற்றிய தனி வாதம் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கின் இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2004இல் லான்செட்டில் வந்த அந்த ஒரு பக்கப் படம் பல கட்டுரைகளைவிட அதிகமாகப் பேசியது. கருவிலேயே சத்துக்குறைந்த குழந்தை தசையைவிடக் கொழுப்பைக் காத்துக்கொண்டு பிறக்கிறது என்பது யாஜ்னிக்கின் விளக்கம். 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் முன்வைத்த சிக்கன உடலமைப்புக் கருதுகோளோடு இது இணைகிறது. 1962இல் ஜேம்ஸ் நீல் சொன்ன சிக்கன மரபணுவை இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை.

நடைமுறை விளைவு அளவுகோலில் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2004இல், ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்குகிறது என்று ஒப்புக்கொண்டும் உலகப் பொதுவான 25, 30 என்ற எல்லைகளை மாற்றவில்லை, 23, 27.5 என்ற கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளை மட்டும் சேர்த்தது. இந்திய நிபுணர்கள் 2009இல் 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன் என்று வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. 152 செ.மீ. உயரமுள்ள பெண் ஏறத்தாழ 58 கிலோவில் இந்தியக் கோட்டைத் தாண்டுகிறார். உலகக் கோட்டைத் தாண்ட 69 கிலோ வேண்டும். இடையிலுள்ள 11 கிலோவில் தமிழ்நாட்டுப் பெண்களில் கணிசமானோர் இருக்கக்கூடும். நாடு முழுவதும் 1,13,043 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில் பொதுப் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். தராசு காட்டாததை அளவு நாடா காட்டுகிறது. காஞ்சிபுரம் போன்ற இடத்தில் எதை அளப்பது என்று கேட்டால், ஒன்றை மட்டும் தேர வேண்டிய நிலையில் இடுப்பைத் தேர்வதே சரி.

நோய் என்று பெயரிட்டால்

நோய் என்பவர்களின் வாதம் நடைமுறை சார்ந்தது. பழி குறையும், சிகிச்சைக்கு வழி திறக்கும், காப்பீடு கிடைக்கும், மருத்துவக் கல்வியில் இடம் கிடைக்கும். மறுப்பவர்களுக்கும் காரணங்கள் உண்டு. பருமன் உள்ள எல்லோருக்கும் உடல்நலக் கேடு இல்லை. ஒரே அறிவிப்பில் கோடிக்கணக்கானோர் நோயாளிகளாவர். மருந்து நிறுவனங்களுக்கு அதில் தெளிவான ஆதாயம் இருக்கிறது. உணவுச் சந்தையையும் நகர அமைப்பையும் திருத்தும் பொறுப்பு அரசிடமிருந்து நழுவி மருத்துவமனைக்குப் போய்விடும்.

லான்செட் ஆணையம் இரு தரப்பையும் சமன்செய்ய முயன்றது. உறுப்புகளின் இயக்கமோ அன்றாடச் செயல்பாடோ பாதிக்கப்பட்டால் அது நோய்ப்பருமன். பாதிப்பில்லாவிட்டால் நோய்க்கு முந்தைய பருமன். 2025 ஜனவரியிலேயே இந்திய மருத்துவக் குழு ஒன்றும் குறியெண் 23க்கு மேற்பட்டதை, பாதிப்பு இல்லாத முதல் நிலை, பாதிப்பு உள்ள இரண்டாம் நிலை என்று பிரித்தது. பிரிவு நியாயமானது, பயன்படுத்துவது கடினம். உறுப்புப் பாதிப்பை உறுதிசெய்ய ஆய்வகமும் நேரமும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் குறைவு. லான்செட் குழு டைப் 2 சர்க்கரை நோயைத் தனி நோயாகவே வைத்துக்கொண்டது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் பருமனின் முதல் விளைவாகத் தெரிய வருவது பெரும்பாலும் சர்க்கரைதான்.

காப்பீட்டு வாதம் இந்தியாவில் பாதிதான் நிறைவேறியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொதுவிலக்கு விதி, குறியெண் 40ஐத் தொட்டாலோ, கடுமையான துணைநோய்களோடு 35ஐத் தொட்டாலோதான் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு இடம் தருகிறது. இந்திய மருத்துவர்களின் 2009 வழிகாட்டுதலோ துணைநோய் இருந்தால் 32.5, இல்லாவிட்டால் 37.5 என்கிறது. மருத்துவர் தேவை என்று சொல்லும் நோயாளிக்குக் காப்பீடு தேவையில்லை என்று சொல்ல இந்த இடைவெளி போதும்.

சிகிச்சைகள்: பலனும் அதன் ஆயுளும்

வாழ்க்கைமுறை மாற்றம் முதல் படி என்பதில் எல்லாத் தரப்பும் உடன்படுகின்றன. அது எதைச் சாதிக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் எடை குறைத்து, நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தார்கள். டாக்டர் ராமச்சந்திரன் குழு இந்தியாவில் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் குறைவு 28.5 சதவீதம். இரண்டாவதில் குறிப்பிடத்தக்கது, எடை ஏறத்தாழ மாறாமலே இந்தப் பலன் கிடைத்தது என்பது. எடை இறங்கவில்லை என்று மூன்றாம் மாதத்தில் நடையை விடுபவர்களுக்கு மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தி இது.

அன்றாட நடைமுறையில் சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தைப் பருப்பாலும் காயாலும் நிரப்புவது, இனிப்புத் தேநீரின் எண்ணிக்கையைக் குறைப்பது, தறியிலிருந்து மணிக்கொருமுறை எழுந்து நடப்பது, தசையை வலுப்படுத்தும் பயிற்சி, சீரான தூக்கம் ஆகியவையே பெரும்பாலான வழிகாட்டுதல்களின் சாரம். ஏகாதசி, சஷ்டி, புரட்டாசிச் சனி விரதங்கள் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. விரதம் இரவில் பலகாரத்தில் முடியும் வீடுகளில் உதவாது. சில சர்க்கரை மருந்துகளும் இன்சுலினும் ஸ்டீராய்டும் மனநல மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடியவை என்பதை நோயாளிக்குச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. அவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதும் உடனே சொல்லப்பட வேண்டும்.

மருந்துகளின் வரலாறு நம்பிக்கையைவிட எச்சரிக்கையையே அதிகம் கற்பித்தது. ஃபென்ஃப்ளூரமின் 1997இல் இதய வால்வுக் கேட்டால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டிய ரிமோனபண்டும், இதயத்துக்கு ஆபத்தான சிபுட்ராமினும் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டன. குடல் ஹார்மோனைப் போல இயங்கும் புதிய ஊசிமருந்துகள் இந்தப் பட்டியலிலிருந்து வேறுபடுகின்றன. 2021இல் வெளியான சோதனையில் செமாக்ளூட்டைடு 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடையைக் குறைத்தது. வேறொரு சோதனையில் அதே வகையைச் சேர்ந்த டிர்செபடைடு அதிக அளவில் 20.9 சதவீதம் குறைத்தது. 2023இல் செமாக்ளூட்டைடு, ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களிடம் பெரிய இதயப் பாதிப்புகளை 20 சதவீதம் குறைப்பதாகத் தெரிந்தது.

ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பருமனை நாள்பட்ட நோயாகக் கருதியே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை. அதே சமயம் மருந்தை எவ்வளவு காலம் தருவது, யார் செலவில் என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு இந்தியாவுக்கு வந்தபோது வாரம் ஒன்றுக்குத் தேவைப்படும் தொடக்க அளவின் விலை 3,500 ரூபாய், மாதத்துக்கு 14,000. கூலிக்கு நெய்பவரின் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. செமாக்ளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சு வரையே என்பதால், அதன்பின் பல நிறுவனங்களின் தயாரிப்பால் விலை இறங்கும் என்ற எதிர்பார்ப்பு உருவானது. விலை இறங்கினாலும் ஒரு மருத்துவ ஐயம் மிஞ்சும்: இளைக்கும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. பிறப்பிலேயே தசை குறைந்த உடல்வாகு என்று யாஜ்னிக் காட்டிய மக்களிடம் இது எப்படி முடியும் என்பதற்கு நீண்டகாலத் தரவு வேண்டும்.

அறுவைச் சிகிச்சையின் பலன்தான் இதுவரை நீண்டது. 1987இல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்ததை 2007இல் காட்டியது. ஆனால் அது கடுமையான பருமன் உள்ளோருக்கானது. பின்னர் வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரையும் கண்காணிப்பும் தேவை.

தொடர்ந்து பார்ப்பது யார்

நாள்பட்ட நோய்க்கு மருந்தைவிடத் தொடர் கவனிப்பு முக்கியம். அதில் இந்தப் பகுதிக்குத் தனி அனுபவம் உண்டு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சூணாம்பேடு வட்டாரத்தில் டாக்டர் வி. மோகன் குழு 42 கிராமங்களில் நடமாடும் ஊர்தியும் செயற்கைக்கோள் இணைப்பும் கொண்டு சர்க்கரை நோய்ப் பரிசோதனை நடத்தியது. பின்னர் உள்ளூரிலேயே மருத்துவ நிலையம் வைத்துத் தொடர்ந்து கவனித்தது. நோயாளி நகரத்துக்கு அலையாமலே சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம் என்பதை அது நிறுவியது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் அதே எண்ணத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை திட்டமும் வந்தது. நடைபாதை நல்லதுதான், அதிகாலையில் பாவு நீட்டவும் தண்ணீர் பிடிக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டிய பெண்ணுக்கு அது எட்டும் தூரத்தில் இல்லை.

தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் சமூக மதிப்பீட்டுப் படிவத்தில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு வரி ஏற்கெனவே இருக்கிறது. பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் மதிப்பெண் கூடும். அந்த மதிப்பெண் ஒருவரைச் சர்க்கரை, அழுத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. இரண்டும் சரியாக இருந்தால் அவர் வீடு திரும்புகிறார். இடுப்பளவுக்கென்று மறுவருகை எதுவும் இல்லை.

முடிவாகாதவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. பாதிப்பில்லாத பருமனுக்கு எந்த வயதில், எவ்வளவு தீவிரமாகச் சிகிச்சை செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. புதிய மருந்துகளை வாழ்நாள் முழுதும் கொடுப்பதன் விளைவு, குறிப்பாகத் தெற்காசியர்களின் தசையில், இன்னும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2025 டிசம்பரில் இம்மருந்துகளுக்கு நிபந்தனையோடு கூடிய பரிந்துரையைத்தான் தந்தது. ரேஷன் தட்டை மாற்றுவது இடுப்பளவை மாற்றுமா என்பதற்கும், குழித்தறி உழைப்பு உடலின் ஆற்றல் கணக்கில் எவ்வளவு என்பதற்கும் நெசவாளர்களிடமே அளந்த நீண்டகால ஆய்வு தேவை.

நடத்தை, உயிரியல், சூழல் என்ற மூன்று விடைகளில் எதுவும் தனியே போதாது. ஆனால் நோயா இல்லையா என்ற வாதத்தில், திரும்பிவரும் எடை நாள்பட்ட நோய் என்ற தரப்புக்கே சாதகமாகச் சாட்சி சொல்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் முதல் வேலை புதிய ஊசி வாங்குவதல்ல. மாத்திரையோடு வரும் அதே தன்னார்வலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அளவு நாடாவால் இடுப்பை அளந்து, சர்க்கரை இல்லாதவரின் பெயரையும் பதிவேட்டில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். இதற்கு ஆளும் நாடாவும் படிவமும் காஞ்சிபுரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.